தவிட்டுக்கு வாங்கிய அணில்

ஏரிக்கரைக் கருவேலமரத்தில் ஏழு தவிட்டுக்குருவிகள் குடியிருந்தன. அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள். ஏழும் வாயாடிகள். ஒன்று புழுவைக் கண்டால் ஏழும் கத்தும். புழு தப்பித்துப் போனால் இன்னும் பலமாகக் கத்தும்.

அந்த வீட்டில் எட்டாவதாக ஒரு அணில் வளர்ந்தான். ஆடிக் காற்றில் எந்தக் கூட்டிலிருந்தோ விழுந்து, கண்கூடத் திறக்காமல் மரத்தடியில் கிடந்தவன். அம்மாக் குருவி தவிட்டாயிதான் அவனைச் சிறகுக்குள் வைத்து, பழத்தை மசித்து ஊட்டிப் பிழைக்க வைத்தாள். வாலும் பெரிசு, சேட்டையும் பெரிசு என்பதால் வாலு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வாலுவுக்கு வயிற்றுக்குக் குறையில்லை, மனசுக்குத்தான் ஒரு குறை. அந்த வீட்டில் யாருமே அவனிடம் நல்லவிதமாக ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். எங்கேடா போனே, தள்ளுடா, சும்மா இருடா, இதே பாட்டுத்தான். கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் அக்காக்கள் வந்து, "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்" என்று கேலி செய்வார்கள். நம் வீடுகளில் எந்தப் பிள்ளையைத்தான் அப்படிக் கேலி செய்யவில்லை? ஆனால் இவன் நிஜமாகவே வெளியிலிருந்து வந்த பிள்ளை அல்லவா, சுருக்கென்று தைத்துவிட்டது.

பக்கத்து வேலியில் ஒரு ஓணான் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும். ஆட்டிவிட்டு நெருப்பையும் கொஞ்சம் அள்ளிப் போடும். வாலு அதனிடம் போய் அழுதான்.

"சொந்தப் பிள்ளையா இருந்தா இப்படி வாடா போடான்னு பேசுவாங்களா?" என்றது ஓணான். "நீ இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை. நாவல்மரத்து அணில்கள்தான் உன் இனம். அங்கே போ, மரியாதைன்னா என்னன்னு தெரியும்."

அவ்வளவுதான். வாலு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நாவல்மரத்துக்குக் கிளம்பிவிட்டான்.

அங்கே ஒரு பெரியம்மா அணில் அவனைக் கண்டதும் எழுந்து நின்றது. "வாங்க தம்பி, உட்காருங்க. பழம் எடுத்துக்கோங்க" என்றது.

வாங்க! பிறந்ததிலிருந்து அவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வாலுவின் வால் நட்டுக்கொண்டு நின்றது. நல்ல கிளையைக் கொடுத்தார்கள். கறுத்துக் கனிந்த பழமாகப் பார்த்துக் கொடுத்தார்கள். இதல்லவா வீடு என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாம் நாள் காலையில் ஊர்சுற்றப் போனவன் பொழுது சாயும் நேரத்தில்தான் திரும்பினான். எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வேண்டுமென்றே சாப்பிடாமல் இருந்து பார்த்தான். "வேண்டாமா? சரிங்க" என்று பழத்தை எடுத்து வைத்துவிட்டார்கள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. பழம்தான் ஏனோ துவர்த்தது.

நான்காம் நாள் உச்சிவேளையில் மரத்துக்கு மேலே ஒரு வல்லூறு வட்டமிட்டது. பெரியம்மா அணிலின் குரலே மாறிப் போனது. "டேய், உள்ளே வாடா! அடியே, அங்கே என்னடி பண்றே, ஓடி வா!" என்று தன் பிள்ளைகளைக் காதைப் பிடித்துப் பொந்துக்குள் இழுத்துப் போட்டது. வாலுவும் அலறிக்கொண்டு பொந்துக்கு ஓடினான். உள்ளே தலைகள் நிறைந்திருந்தன.

"இடமில்லையே தம்பி" என்றது பெரியம்மா அணில். "நீங்க பார்த்து இருந்துக்கோங்க."

அப்போதும் 'ங்க' போட்டுத்தான் சொன்னது. பாவம் வாலு, அந்த 'ங்க'வை வைத்துக்கொண்டு எங்கே ஒளிவான்? கிளையில் தன்னந்தனியாக நின்றான். வல்லூறு சிறகை மடக்கிக்கொண்டு கீழே பாய்ந்தது.

அந்த நேரம் பார்த்துக் கேட்டது ஒரு கூச்சல். காது கிழிகிற கூச்சல். மூன்று நாளாக அவனைத் தேடி அலைந்த ஏழு தவிட்டுக்குருவிகளும் கத்திக்கொண்டே வல்லூறின் மேல் விழுந்தன. ஒன்று முகத்தில் மோதியது, ஒன்று வாலைக் கொத்தியது. எல்லாச் சத்தத்துக்கும் மேலே தவிட்டாயியின் குரல் கேட்டது.

"அடேய் எருமை! வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கிறியே, கீழே முள்ளுக்குள்ளே குதிடா!"

வாலு குதித்தான். அந்த இரைச்சலைத் தாங்கமாட்டாமல் வல்லூறு ஏரிப் பக்கமாகப் போய்விட்டது.

தவிட்டாயி இறங்கி வந்தாள். முதல் வேலையாக அவன் தலையில் நறுக்கென்று ஒரு கொத்து வைத்தாள். "எங்கேடா தொலைஞ்சே? உன் பேரைக் கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே போச்சு." நிஜமாகவே அவள் குரல் கம்மியிருந்தது.

வலித்த தலையைத் தடவிக்கொண்டே வாலு கேட்டான். "அம்மா, என்னை நிஜமாவே தவிட்டுக்குத்தான் வாங்கினியா?"

"தவிட்டுக்குருவி வேற எதைக் கொடுத்துடா பிள்ளை வாங்கும்? உன் அண்ணன், அக்கா எல்லாரையும் அதுக்குத்தான் வாங்கினேன். நட வீட்டுக்கு."

வாலுவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்று சாயங்காலம் எட்டுப் பேரும் ஒரே கிளையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வாலு நட்டநடுவில். வாலை மடக்குடா, மூக்கில் குத்துது என்று அண்ணன் ஏசினான். வாலுவுக்கு அது தேனாக இனித்தது.

மறுநாள் காலை ஓணான் விஷயம் அறிய மெல்ல வந்து சேர்ந்தது. வாலு எழுந்து நின்று, "வாங்க, உட்காருங்க" என்றான். ஓணானுக்கு ஏகப் பெருமை. தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தது.

மரியாதையாகப் பேசுகிறவர்கள் எல்லாரும் உறவாகிவிட மாட்டார்கள். நம்மைக் காணவில்லை என்று பதறித் தேடிவந்து திட்டுகிறவர்கள்தான் உறவு.