கரித்தீ ஊமையான கதை

அந்தக் காலத்தில் கோழி பேசியது, காற்று பேசியது, அடுப்பில் கிடக்கும் தீயும் பேசியது. எல்லாவற்றிலும் வாயாடி தீதான். "சோறு குழையுது பாரு", "இன்னைக்கும் கொள்ளுதானா?" என்று எந்நேரமும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஆள் அரவமில்லாத ஒரு மலைச்சரிவில் கரி சுடுகிறவர்களின் வீடு ஒன்று இருந்தது. மசையனும் அவன் பெண்சாதி சிலம்பாயியும் அங்கே இருந்தார்கள். விறகை அடுக்கி, மேலே மண் போட்டு மூடி, உள்ளே தீயை வைத்து, புகை கசிகிற ஒவ்வொரு ஓட்டையையும் ஈரமண் அப்பி அடைப்பார்கள். அதற்கு மூட்டம் என்று பேர். உள்ளே தீ நாலு நாள் அரைத்தூக்கத்தில் கிடக்கும். விறகு சாம்பலாகாமல் கரியாகும். ஓட்டையை அடைப்பதில் சிலம்பாயியின் கைக்கு அந்த மலையிலேயே ஈடு கிடையாது. அவள் அடைத்த மூட்டத்திலிருந்து ஒரு நூல் புகை வெளியே வராது.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. கீழ்நாட்டுக்குக் கரி கொண்டுபோன மசையன், காட்டாறு புரண்டதால் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டான். வீட்டில் சிலம்பாயியும், ஆறு மாதப் பெண் குழந்தையும், பஞ்சாரத்தில் ஒரு கோழியும்தான். பாப்பாவுக்குச் சளி பிடித்து நெஞ்சு கர்கர்ரென்று இழுத்தது. கணப்பு இல்லாவிட்டால் பிள்ளை தாங்காது. மிச்சம் இருந்ததோ ஒரு கூடைக் கரி. மற்றதெல்லாம் மழையில் ஊறிப் போய்விட்டது.

சிலம்பாயி அடுப்பின் முன் உட்கார்ந்தாள். அடியில் காற்று நுழைகிற வாயை, அடிவாயை, முழுக்கத் திறந்தால் தீ வெள்ளை வெளேரென்று வெறிபிடித்து எரிந்தது. கண்மூடித் திறப்பதற்குள் நாலு கரியைத் தின்றுவிட்டது.

"மெதுவாத் தின்னேன்டா, யாரு பிடுங்கப் போறா?"

"நானா வேகமாத் திங்கிறேன்? காத்து ஊட்டி விடுது" என்றது தீ.

அடிவாயைச் சாத்திப் பார்த்தாள். சாம்பல் மூடி மங்கிப் போனது. சாம்பலைத் தட்டிவிட்டாள், சிவந்தது. நனைந்த கரி ஒன்றைப் போட்டாள். மஞ்சளாய்ப் புகைந்து, "இதையெல்லாம் மனுஷன் தின்பானா?" என்று துப்பியது.

"நீ எப்போடா மனுஷன் ஆன?" என்று சிரித்தது கோழி.

கதவு இடுக்கு வழியாகக் காற்று நுழைந்தது. பாப்பா உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"ஏ காத்து, உனக்கு மனசாட்சி இருக்கா? பச்சப்புள்ள கிடக்குது தெரியல?"

"நான் வராட்டி உன் தீ வேற சாப்பாடு தேடும் தாயி" என்றது காற்று.

சிலம்பாயி காதில் வாங்கவில்லை. அவளுக்கு மூட்டம் ஞாபகம் வந்தது. மண்ணால் மூடினால் நாலு நாள் கிடக்கிற தீ, வீட்டை மூடினால் மட்டும் கிடக்காதா? கரியும் மிஞ்சும், பிள்ளைக்கும் குளிராது. இவ்வளவு நாள் இது தோன்றவில்லையே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். தாழ்வாரத்து ஈரமண்ணைக் குழைத்து, கதவைச் சாத்தி, இடுக்கு, சன்னல், கூரைச் சந்து ஒன்று விடாமல் அப்பி வழித்தாள். காற்றின் சத்தம் சட்டென்று நின்றது.

வெளியே நடுப்பகல். உள்ளே தீயின் வெளிச்சம் மட்டும். கதகதவென்று இருந்தது. கரி ஒவ்வொன்றாய், ஆற அமரக் கரைந்தது. தீயின் மேல் அவுரி நீலத்தில் சின்னச் சின்ன நாக்குகள் எழுந்து ஆடின.

"அழகாத்தான் இருக்க" என்றாள் சிலம்பாயி.

தீ பதில் பேசவில்லை. அதுதான் முதல்முறை.

"தாயி, எனக்குத் தலை சுத்துது" என்றது கோழி.

"மழைக்கு எல்லாருக்கும் அப்படித்தான். படு."

கொஞ்ச நேரம் கழித்து, "தாயி, எனக்குத் தலை சுத்துது" என்று மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை சத்தம் அடுப்புப் பக்கமிருந்து வந்தது.

"அடேய், கோழி மாதிரியே பேசுறியே!" என்று சிரித்தபடி பஞ்சாரத்தைப் பார்த்தாள். கோழி அலகைத் திறந்தபடி சாய்ந்து கிடந்தது. மார்பு ஏறி இறங்கவில்லை.

எழ வேண்டும் என்று நினைத்தாள். தலை கனத்தது. நினைப்பு பாதியிலேயே நழுவியது. நல்லவேளை, பாப்பாவின் இழுப்புச் சத்தம் நின்றுவிட்டது. கணப்பு சேர்ந்துவிட்டது போல, தூங்கட்டும் என்று கண்ணை மூடினாள்.

அப்போது அடுப்பிலிருந்து ஒரு குரல்:

"அம்மா."

மெல்லிய, எச்சில் ஊறிய குரல். இந்த உலகத்தில் யாரும் கேட்டிராத குரல். பாப்பாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

கோழியின் குரலைப் போலப் பாப்பாவின் குரலும் அடுப்புக்குப் போய்விட்டது என்று சிலம்பாயிக்கு உறைத்தது. கால்கள் யாருடையவோ போலக் கிடந்தன. பிள்ளையைத் துணியோடு பற்றி இழுத்துக்கொண்டு தவழ்ந்தாள். இடுக்கியால் கதவு மண்ணைக் குத்தினாள். அவள் கை அடைத்த மண் அல்லவா, கணப்பில் சுட்ட ஓடு மாதிரி இறுகியிருந்தது. குத்தினாள், நகத்தால் பிறாண்டினாள். பின்னால், "அம்மா, அம்மா" என்று நீலம் கொஞ்சியது. கடைசியில் விரல் நுழைகிற அளவு ஒரு பொத்தல் விழுந்தது. தன் மூக்கை வைக்கவில்லை, பாப்பாவின் முகத்தைத்தான் அதில் வைத்தாள்.

"வரவா?" என்றது வெளியே காற்று.

"வா தாயே, வந்துடு!"

காற்று கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது. பாப்பா ஒருமுறை விக்கி, வீறிட்டு அழுதது. கோழி எழவே இல்லை.

காற்று நேரே அடுப்பிடம் போனது. தீ பயந்து சிவந்தது.

"எனக்குப் பசி. உன்னை உள்ளே விடல. இருந்தவங்க மூச்சைத் தின்னேன், மூச்சோட குரலும் வந்துடுச்சு. மூடினது நானா?"

"அதுவும் நியாயம்தான். அதனால உன்னை அணைக்கல" என்றது காற்று. "ஆனா அடுத்தவங்க குரலைத் தின்ன வாய்க்கு இனிமே பேச்சு எதுக்கு?"

ஒரே இழுப்பில் தீயின் பேச்சை உருவி, கதவு வழியாக மழைக்குள் வீசியது. தீ எதையோ சொல்ல வாய் திறந்தது. படபடவென்று பொறிதான் தெறித்தது.

"தாயி, இனி இவனுக்கு நிறந்தான் பேச்சு. பசிச்சா நீல நாக்கை நீட்டுவான். சிவப்பா இருந்தாலும் முழுசா நம்பிடாத. எரியுற வரைக்கும் எனக்கு வழி விடு."

"புள்ளைக்குக் குளிருமே!"

"குளிர்ந்தா அழும். அழுதா நீ எடுத்து அணைச்சுக்குவ."

சிலம்பாயி பிள்ளையை மாராப்புக்குள் பொதிந்துகொண்டு, திறந்த கதவருகே மழைச்சாரலிலேயே உட்கார்ந்திருந்தாள். மசையன் வந்து சேரும் வரை அவள் உடம்புதான் பாப்பாவுக்குக் கணப்பு. பிள்ளை பிழைத்துக்கொண்டது. மறுவருஷம் அது முதன்முதலாக "அம்மா" என்று கூப்பிட்டது. அதே குரல். சிலம்பாயி பிள்ளையைப் பார்க்கவில்லை, அடுப்பைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

அன்று முதல்தான் கரித்தீ பேசாமல் நீல நாக்கை மட்டும் நீட்டுகிறது, கரி அடுப்பு எரிகிற வீட்டில் எத்தனை மழை கொட்டினாலும் பெண்கள் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.