பத்துக்கு சைபர்

"உங்க வித்தை எனக்கு வரல மேடம். விட்டுறலாம்னு பாக்கேன்."

சொன்னவர் டாக்டர் சங்கரபாண்டியன். மயக்க மருந்து கொடுப்பதில் முப்பது வருஷ அனுபவம். கேட்டுக்கொண்டிருந்தவர் டாக்டர் ஷமீமா. அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவர். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர்தான் குரு.

விஷயம் இதுதான். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்யும்போது, ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே மார்புத் தசைகளுக்கு நடுவில் ஊசியை இறக்கி, நரம்புகளை மரத்துப்போக வைக்க வேண்டும். கண் விழித்த பிறகும் பல மணி நேரம் வலி எட்டிப் பார்க்காது.

எங்கே தப்புகிறது என்று ஷமீமா கேட்டார்.

அது தெரிந்தால் ஏன் புலம்புகிறேன் என்றார் அவர். முப்பது பேருக்குப் போட்டாயிற்று. மருந்து பரவுவதைத் திரையில் கண்ணாரப் பார்த்தாயிற்று. வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் முப்பது பேரும் சைபர் என்கிறார்கள். ஒரு மாதம் கழித்து வரும்போது பாதிப் பேருக்குத் தோள் இறுகிக் கிடக்கிறது. வலிக்குப் பயந்து கையை அசைக்கவே இல்லையாம்.

ஷமீமா வார்டுக்குப் போகலாம் என்றார்.

மாலை ஐந்து மணி. சங்கரபாண்டியனுக்கு அன்று நாலு ஆபரேஷன். கால் கெஞ்சியது. மத்தியானச் சாப்பாடு டிபன் பாக்ஸிலேயே இருந்தது.

முதல் கட்டிலில் செல்லக்கிளி. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். காலையில் வலது பக்கம் ஆபரேஷன். அந்தக் கை வழங்காமல் போனால் ஆட்டோவை விற்க வேண்டியதுதான்.

சங்கரபாண்டியன் நின்றபடியே, சார்ட்டைப் பார்த்துக் கேட்டார்.

"வலி பத்துக்கு எவ்வளவும்மா?"

"சைபர் சார்."

எழுதிக்கொண்டார். பார்த்தீர்களா என்பதுபோல் ஷமீமாவைப் பார்த்தார்.

ஷமீமா பக்கத்தில் இருந்த சீப்பை எடுத்து நீட்டினார். தலை கலைந்திருக்கிறது, வாரிக்கொள்ளுங்கள் என்றார்.

செல்லக்கிளி இடது கையை நீட்டினார். ஷமீமா கொடுக்கவில்லை.

வலது கை மெல்ல வந்தது. சீப்பை வாங்கியது. காதுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது. செல்லக்கிளி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

சங்கரபாண்டியனுக்குக் கோபம் வந்தது. அலுத்துப்போன மனுஷனுக்கு வருகிற கோபம்.

"ஏம்மா பொய் சொன்னீங்க?"

"காலைலயே உங்க முகம் வாடிக் கெடந்துச்சு சார். இப்பவும் நின்னுக்கிட்டேதான் கேக்கீங்க. வலிக்குன்னு சொன்னா எனக்காவ மறுபடி அலையணும்." கொஞ்சம் தயங்கினார். "பக்கத்து கட்டில் அக்காதான் சொன்னாவ. சைபர்னு சொல்லிரு, மனுசன் வீட்டுக்குப் போவட்டும்னு."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

சங்கரபாண்டியனுக்கு வெட்கமாக இருந்தது. முப்பது சைபரும் ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தன.

ஷமீமா கட்டிலுக்கு அடியில் கிடந்த ஸ்டூலைக் காலால் இழுத்து அவர் பக்கம் தள்ளினார்.

உட்கார்ந்தார். சார்ட்டை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"எங்கம்மா வலிக்கு?"

செல்லக்கிளி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்டூலைப் பார்த்தார்.

"நெசத்தச் சொல்லட்டுமா சார்?"