கடைசிப் பக்கத்துப் பெண்

“கடைசிப் பக்கம் மட்டும் வரமாட்டேங்குது மேடம்,” என்றார் பொன்னுரங்கம்.

விளம்பரக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் முகங்களுக்குப் பளபளப்பு ஏற்றியவர் அவர். ஐம்பத்தெட்டு வயதில் அது அலுத்துப்போய், புத்தக வடிவமைப்பு கற்றுக்கொள்ள மெஹருன்னிசாவிடம் வந்து சேர்ந்தார். ஆசிரியைக்குச் சீடரைவிடப் பதினைந்து வயது குறைவு. அதைப் பற்றி இருவருமே கவலைப்படவில்லை.

முதல் வேலையே இப்படி அமைந்தது: விளம்பரங்கள் காலங்காலமாகப் பெண்களை எப்படிக் காட்டியிருக்கின்றன என்று ஒரு சிறு புத்தகம். செய்த பாவத்தை இதிலாவது கழுவிவிடலாம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். மாலை ஐந்து மணிக்கு அது அச்சுக்குப் போயாக வேண்டும்.

“அந்தப் பக்கத்துல என்ன வரணும்?”

“‘இன்று’ன்னு தலைப்பு. இந்த வருஷத்துப் படம் ஒண்ணு வேணும். நூறு விளம்பரம் பார்த்துட்டேன். எல்லாரும் உஷாராயிட்டாங்க மேடம். ஒருத்தனும் மாட்டல.”

“மத்த பக்கத்தைக் காட்டுங்க சார்.”

மேசையில் பரப்பினார். குக்கரோடு ஒருத்தி. சோப்போடு ஒருத்தி. ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒருத்தி.

ஆசிரியை ஒவ்வொன்றையும் ரசித்துப் பார்த்தார். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்து நின்றுவிட்டார். எழுபது வருடத்துக்கு முந்தைய கூந்தல் தைல விளம்பரம்.

“ரொம்ப சுத்தமா இருக்கே?”

“ஒரே கறை மேடம். பூச்சி வேற அரிச்சிருந்தது. ரெண்டு நாள் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து துடைச்சேன்.” சொல்லும்போது பெருமையாக இருந்தது.

“பழைய தாள் இருக்கா?”

இருந்தது. ஆசிரியை அந்தப் பெண்ணின் முகவாய்மேல் பூதக்கண்ணாடியை வைத்தார்.

“இது கறையா சார்?”

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். மச்சம்.

கண்ணாடி மெல்ல நகர்ந்தது. கண்ணுக்குக் கீழே லேசான கருவளையம். கழுத்தில் ஒரு மடிப்பு. நிறமும் அவர் வைத்ததைவிட மட்டு.

தைலம் விற்றவன் அதையெல்லாம் விட்டுவைத்திருந்தான்.

“கைப்பழக்கம் மேடம். நான் யோசிக்கவே இல்ல.” வெட்கத்தில் அவருக்குக் காது சூடாகிவிட்டது. “இப்பவே பழசை வச்சிடறேன். இதை அழிச்சிடறேன்.”

“பழசை வைங்க. இதை எதுக்கு அழிக்கணும்? ஒரு பக்கம் காலியாத்தானே இருக்கு.”

அவர் பழைய படத்தை முதல் பக்கத்தில் வைத்தார்.

பிறகு, தான் துடைத்த படத்தைக் கடைசிப் பக்கத்தில் வைத்தார். மற்ற பக்கங்களில் இருப்பதுபோலவே கீழே விவரம் வேண்டும். இந்த வருடத்தை டைப் அடித்தார்.

‘விளம்பரம் செய்தவர்’ என்ற இடத்தில் கை கொஞ்சம் தயங்கியது.

தன் பெயரை அடித்தார்.