மிஸ்ஸுக்குப் பின்னால் ஈடி

ஃப்ளோரா மிஸ் வீட்டு ஹாலில் இங்கிலீஷ் வகுப்பு முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். கோமதி மட்டும் போகவில்லை. உட்காரவும் இல்லை. வாசலில் செருப்பை மாட்டினாள், கழற்றினாள், திரும்ப உள்ளே வந்தாள்.

"என்னக்கா, நடந்தே என் தரையைத் தேய்ச்சிருவீங்க போல" என்றாள் ஃப்ளோரா மிஸ். கோமதியைவிட இளையவள். நாக்கு மட்டும் மூத்தது.

"ஒரு சந்தேகம் மிஸ். மிஸ்னா என்ன?"

"நான்தான்."

"விளையாடாதீங்க மிஸ்."

"கல்யாணம் ஆகாதவளும் மிஸ். ஓடிப் போயும் பிடிக்க முடியாத பஸ்ஸும் மிஸ். குறி பார்த்து எறிஞ்சு படலைன்னா அதுவும் மிஸ். ஒருத்தரைத் தேடி மனசு கிடந்து அடிச்சுக்கிட்டா அதுவும் மிஸ். உங்களுக்கு எது வேணும்?"

கோமதி போனை நீட்டினாள். 'மிஸ்டு யூ' என்று இங்கிலீஷில் இருந்தது. வேறொன்றும் இல்லை. அனுப்பியவள் மகள் யாழினி. பூனாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டவள். கல்யாணத்துக்குக் கோமதி போகவில்லை. அதற்கப்புறம் பேச்சும் இல்லை. தமிழ் தெரியாத மருமகனிடம் என்றைக்காவது பேச வேண்டிவரும் என்றுதான் இந்த வகுப்பில் சேர்ந்திருந்தாள். கேட்டவர்களிடம், வீட்டில் பொழுது போகவில்லை என்று சொல்லிவைத்தாள்.

"தேடியிருக்கா. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."

"மிஸ்ஸுக்குப் பின்னால ஈடின்னு ரெண்டு எழுத்து போட்டிருக்காளே."

"போட்டா?"

"நடந்து முடிஞ்சதுக்குத்தான் ஈடி வரும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. அப்ப தேடினா, இப்ப இல்லைன்னுதானே அர்த்தம்?"

"வகுப்புல மத்த நேரம் தூங்குவீங்க. இதை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கிட்டீங்க."

"இல்லை, பஸ் மாதிரி, போனது போகட்டும்னு சொல்றாளா?"

"இருக்கலாம்."

"காலையிலேருந்து சோறு இறங்கலை மிஸ். எதுன்னு மட்டும் சொல்லிருங்க, போயிடறேன்."

ஃப்ளோரா மிஸ் போனை வாங்கினாள். யாழினியின் நம்பரை அழுத்தினாள். ஒரு ரிங் போனதும் கட் பண்ணி மேஜையில் வைத்தாள். டிக்டேஷன் தாள்களைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன மிஸ் பண்ணீங்க?"

"மிஸ்டு கால். அதைச் சொல்ல மறந்துட்டேன்."

"ஐயோ, அவ என்ன நினைப்பா. கை தவறிப் பட்டுருச்சுன்னு சொல்லிடவா?"

ஃப்ளோரா மிஸ் அடுத்த தாளை எடுத்தாள். கோமதி ஜன்னல் வரை போனாள். தம்ளரை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். மறுபடி ஜன்னல்.

போன் அடித்தது. திரையில் யாழினி.

கோமதியின் கை பாதி தூரம் போய் நின்றது.

"எடுத்து என்ன கேக்கறது மிஸ்? எந்த மிஸ்ஸுன்னா?"

ஃப்ளோரா மிஸ் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அடிச்சு ஓஞ்சிருச்சுன்னா, இதுக்கும் ஈடிதான்க்கா."