எட்டு அறைகளில் ஒரு கணக்கு

இருதயராஜ் அணைப் பொறியாளர். வயது ஐம்பத்துநான்கு. வெள்ளத்தைக் கணினியில் முன்கூட்டிக் கணிக்கக் கற்றுக்கொள்ள, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான பேராசிரியர் தில்லைநாயகியிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார்.

ஐப்பசியில் மழை வலுத்தது. அணைக்கு எப்போது, எவ்வளவு நீர் வரும் என்று அறிய லட்சக்கணக்கான சமன்பாடுகளை ஒருசேரத் தீர்க்க வேண்டும். அறுபத்துநான்கு கணினிகள் பங்கிட்டுச் செய்தும் ஆறு மணி நேரம் பிடித்தது. இருதயராஜ் இன்னும் அறுபத்துநான்கைக் கேட்டு வாங்கி இணைத்தார்.

ஏழு மணி நேரம் ஆனது.

"ஆள் கூடினா நேரம் குறையணும். இங்க ஏன் மேடம் கூடுது?"

தில்லைநாயகி எட்டு மாணவர்களை எட்டு அறைகளில் உட்கார வைத்தார். ஆளுக்குப் பத்து எண்கள். ஒவ்வோர் எண்ணையும் அதன் இருபுறத்து எண்களோடு கூட்டி, சராசரியைக் கீழ்வரியில் எழுத வேண்டும். அப்படி ஐந்து வரிகள். ஓரத்து எண்ணுக்குத் துணை எண் பக்கத்து அறையில் இருக்கும். போய்க் கேட்டு வரலாம்.

"நீங்க வராந்தாவுல நில்லுங்க சார்."

முப்பத்தெட்டு நிமிடம் ஆனது.

"என்ன பார்த்தீங்க?"

"நடந்தாங்க. கதவுகிட்ட காத்து நின்னாங்க. எழுதினது கொஞ்ச நேரம்தான்."

தில்லைநாயகி மீண்டும் தாள்களைக் கொடுத்தார். இம்முறை இருபக்கத்து அறைகளின் ஓரத்து எண்களில் ஐந்தைந்தை முதலிலேயே எழுதிக் கொடுத்து, அவற்றின் சராசரியையும் அவரவரே போட்டுக்கொள்ளச் சொன்னார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பதினைந்தாவது நிமிடத்தில் விடை வந்தது. அதே விடை.

இருதயராஜ் இரண்டு நாள் உட்கார்ந்து கணினி நிரலையும் அதே முறைக்கு மாற்றினார். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கிய கணக்கு எட்டரைக்கு முடிந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு வெள்ளம் அணையை எட்டும் என்றது. பழைய நிரல் இதை ஒரு மணிக்குத்தான் சொல்லியிருக்கும். அவர் தொலைபேசியை எடுத்தார்.

பதினொரு மணிக்குள் ஆற்றோரத்து மூன்று ஊர்களும் ஆடு மாடுகளோடு மேட்டுக்கு ஏறிவிட்டன. அதன் பிறகே, வரும் வெள்ளத்துக்கு இடம்விட, அணையின் மதகுகள் திறந்தன.

மாலையில் இருதயராஜ் தில்லைநாயகியிடம் வந்தார். முகம் தெளிந்திருந்தது. ஆனாலும் மனதில் ஒரு குறுகுறுப்பு.

"ஓரத்து எண்களை ரெண்டு பேரும் போடுறாங்களே. ஒரே கணக்கு ரெண்டு தடவை. எனக்கு மனசு ஒப்பல மேடம். வீண் இல்லையா?"

"வீண்தான் சார்," என்றார் தில்லைநாயகி. "நாம கேட்டு வர்ற வரைக்கும் தண்ணி நின்னிருக்குமா?"