லாபம், இரண்டு, மூன்று

முன்னொரு காலத்தில், துவரம்பருப்பை நகைப்பெட்டியில் வைத்துப் பூட்டிய காலத்தில், ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே எங்களுக்கு உறவுக்காரர் உண்டு என்று நீங்கள் கிளம்பிவிடுவீர்கள்.

அந்த ராஜா ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். வெள்ளிக் கிண்ணத்தில் பருப்புக் குழம்பு வந்தது. ராஜா குனிந்து பார்த்தார். குழம்புக்குள்ளிருந்து ஒருவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். நல்ல முகவெட்டு, பெரிய மீசை, மீசையின் வலப்பக்கம் மூன்று நரை. அது தம்முடைய முகம்தான் என்று புரிய ராஜாவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நரை வந்திருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். அரண்மனைக் கண்ணாடிகள் அதுவரை மரியாதை தெரிந்து நடந்துகொண்டிருந்தன.

மடைப்பள்ளித் தலைவரைக் கூப்பிட்டார்.

"குழம்பில் பருப்பு எங்கே?"

"இருக்கிறது மகாராஜா. பதினாறு பருப்பு. நானே எண்ணிப் போட்டேன். அடியில் ஒதுங்கியிருக்கும்."

"பதினாறா?"

"போன வருஷம் ஒரு பணத்துக்கு நாலு படி பருப்பு மகாராஜா. இப்போது ஒரு படி. மடைப்பள்ளிக்குக் கிடைப்பதோ போன வருஷப் பணம்தான்."

அரண்மனைக்கே பதினாறு என்றால் ஊர் எப்படி இருந்திருக்கும்? பெருங்காயக் கட்டியை நூலில் கட்டி ரசத்துக்குள் இறக்கிவிட்டு, 'அம்மா தாயே' என்று உடனே தூக்கிக்கொண்டார்கள். ஒரே புளி திங்கட்கிழமை குழம்பு வைத்தது, செவ்வாய்க்கிழமை ரசம் வைத்தது, புதன்கிழமை செம்பு விளக்கியது. வியாழக்கிழமை அதைக் கைமாற்றுக் கேட்டு எதிர்வீட்டுக்காரி வந்தாள். தாளிக்கும் சத்தம் கேட்டால் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணும். "ஏழு கடுகு வெடிச்சுது! யாருக்கோ கல்யாணம் நிச்சயமாகியிருக்கு."

அந்த ஊரில்தான் அரண்மனை விகடகவி சடையாண்டி இருந்தார். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவருக்கு உத்தியோகம். அவரைச் சிரிக்க வைக்க வீட்டில் ஒன்றும் இல்லை. கொல்லையில் ஒரு முருங்கைமரம் மட்டும் நின்றது. நாலு வருஷம் தண்ணீர் ஊற்றி அவர் மனைவி உலகம்மை வளர்த்த மரம். திங்கள் கீரை, செவ்வாய் காய், புதன் பூ என்று அந்த ஒற்றை மரம்தான் விலைவாசியை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது.

ராஜா குழம்பில் முகம் பார்த்த அதே நாள் காலையில், உலகம்மை பருப்புப் பானையைக் கவிழ்த்துப் படியில் அளந்தாள்.

"லாபம்..." என்றாள். அதற்குப் பிறகு பானையைத் தட்டும் சத்தம்தான் வந்தது.

படியால் அளக்கிறவர்கள் அந்த ஊரில் முதல் படியை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள். 'ஒன்று' என்று ஆரம்பித்தால் ஒன்றோடு நின்றுபோகும் என்று பயம். அதனால் லாபம், இரண்டு, மூன்று என்றுதான் எண்ணுவார்கள். களத்திலும் அப்படித்தான், கடையிலும் அப்படித்தான்.

"என்ன உலகம்மை, லாபத்தோட நின்னுடுச்சு?" என்றார் சடையாண்டி.

"ஆமா, நம்ம வீட்டுல லாபம் மட்டும்தான் மிச்சம். வெளியில சொல்லாதீங்க, வரி போட்டுருவாங்க."

மத்தியானம் சாப்பாடு முடிந்த கையோடு ராஜா சபையைக் கூட்டினார். சடையாண்டி வெற்றிலையை மென்றுகொண்டே போனார்.

சபையில் அங்காடி அதிகாரி பராங்குசர் நின்றுகொண்டிருந்தார். கடைவீதியின் விலைக்கும் அளவுக்கும் அவர்தான் பொறுப்பு. சடையாண்டி பேசினால் ராஜா சிரிக்கிறார், தாம் பேசினால் கொட்டாவி விடுகிறார் என்பது அவருக்குப் பத்து வருஷத்து வயிற்றெரிச்சல். அவருக்குப் பக்கத்தில் மளிகைப் பெருவணிகர் கனகசபை. ஊருக்குள் வரும் பருப்பெல்லாம் அவர் கிடங்கு வழியாகத்தான் வரும்.

"விலை ஏன் ஏறியது?" என்றார் ராஜா.

"மழை பொய்த்துவிட்டது மகாராஜா" என்றார் பராங்குசர்.

"சென்ற மாதம் வெள்ளம் வந்து நம் யானையே நீந்தியதே?"

"அதனாலும்தான் மகாராஜா."

கனகசபை நெஞ்சில் கை வைத்தார். "பிரபு, வாங்கின விலைக்கே விற்கிறோம். லாபத்துக்கென்று ஒரு காசுகூட நாங்கள் வாங்குவதில்லை. எல்லாம் ஜனங்களுக்குச் செய்கிற சேவை."

"அது தெரிகிறது" என்றார் சடையாண்டி. "சேவை செய்து செய்து ஐயாவுக்குத் தொப்பை வீங்கியிருக்கிறது, பாவம்."

ராஜா சிரித்துவிட்டார். பராங்குசருக்கு எரிந்தது.

"மகாராஜா, கேலி பேச யாராலும் ஆகும். நம் விகடகவி பத்து நாள் மடைப்பள்ளியை நடத்திக் காட்டட்டும். போன வருஷப் பணம், போன வருஷக் குழம்பு. ஒரு பருப்புக் குறைந்தாலும் அவர் இந்த நாட்டை விட்டுப் போகட்டும். சம்மதமா என்று கேளுங்கள்."

ராஜாவுக்கு இப்படிப்பட்ட விளையாட்டு என்றால் வெல்லம். "அப்படியே ஆகட்டும். என்ன சொல்கிறாய் சடையாண்டி?"

"சம்மதம் பிரபு. லாபமே வாங்குவதில்லை என்று கனகசபை ஐயா சொன்ன அந்த அருமையான வாக்கியத்தை மட்டும் ஓலையில் எழுதித் தரச் சொல்லுங்கள். பசிக்கிறபோது எடுத்துப் படித்துக்கொள்வேன்."

கனகசபைக்குப் பெருமை தாங்கவில்லை. "லாபத்துக்கு ஒரு காசும் வாங்க மாட்டேன். வாங்கினால் கிடங்கோடு அரசுக்கு" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்துப் பராங்குசர். ராஜமுத்திரையும் விழுந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உலகம்மை முறத்தைக் கீழே போட்டாள்.

"நாட்டை விட்டுப் போறதா? நீங்க போங்க. வாய் இருக்கு, எங்கேயும் பிழைச்சுக்குவீங்க. என் மரம் எப்படி வரும்? முருங்கைமரத்தைக் கட்டைவண்டியில ஏத்தினா முறிஞ்சுபோகும்னு தெரியாது?"

"மரம் எங்கேயும் போகாது. உன் சட்டியில சின்னதா ஒண்ணு குடு. சரியா ஒரு படி பிடிக்கணும்."

மறுநாள் காலை சடையாண்டி அரண்மனை மாட்டுவண்டியைக் கடைக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு, சட்டியோடு கடை ஏறினார். அரண்மனைச் சரக்கு என்றால் கனகசபை தம் கையாலேயே அளப்பார். கைராசிக்காரர்.

"வாங்க சடையாண்டி! எத்தனை படி?"

"அளங்க அண்ணாச்சி, நான் சொல்றேன்."

கனகசபை படியை நிரப்பி, தலையை வழித்து, ராகமாக இழுத்தார். "லா...பம்!"

"போதும்" என்றார் சடையாண்டி. சட்டியில் வாங்கிக்கொண்டு போய் வண்டியில் கொட்டினார். திரும்பி வந்தார்.

"அளங்க அண்ணாச்சி."

"லா...பம்!"

"போதும்."

இப்படியே நாற்பது தடவை. கனகசபைக்குச் சிரிப்பு. "ஏன்யா, மூட்டையில வாங்கினா குறைஞ்சா போயிடுவே? நாட்டை விட்டு நடக்கிறதுக்குக் காலைப் பழக்குறியா?" கடைவீதி முழுக்கச் சிரித்தது. சடையாண்டியும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். நாற்பதாவது சட்டியும் வண்டியில் விழுந்ததும், மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரட்டுமா?" என்றார்.

"காசு?"

"எதுக்கு?"

"எதுக்கா? நாற்பது படி பருப்புக்கு!"

"பருப்பா? நீங்க ஒரு தடவைகூடப் பருப்புன்னு சொல்லலையே அண்ணாச்சி. நாற்பது தடவையும் லாபம்னுதான் சொன்னீங்க. வீதியே கேட்டுச்சு. லாபத்துக்கு நீங்க காசு வாங்க மாட்டீங்களே?" மடியிலிருந்து ஓலையை எடுத்து, ராஜமுத்திரை தெரிகிற மாதிரி நீட்டினார்.

கனகசபை ஓலையைப் பார்த்தார். தம் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

அன்று ராஜாவின் கிண்ணத்தில் கரண்டி நின்றது. சாய்த்து வைத்தது அல்ல, நட்டுக்குத்தாக நின்றது. பார்த்தவர் என்னிடம் சொன்னார். அவர் பொய் சொல்ல மாட்டார். பொய் சொல்லுமளவு அவருக்குப் பல் இல்லை.

மறுநாள் கனகசபை கடையைத் திறந்தபோது, வாசலில் ஆரம்பித்த வரிசை தேரடி தாண்டிக் குளக்கரையில் போய் முடிந்தது. ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் இடுப்பிலும் ஒரு படிச் சட்டி. வரிசையின் தலையில் உலகம்மை.

"ஒரு படி அளங்க அண்ணாச்சி."

கனகசபை படியைத் தூக்கினார். இந்தத் தடவை 'ஒன்று' என்றே சொல்லிவிடுவது என்று இராத்திரியே மனசைக் கல்லாக்கி வைத்திருந்தார். "ஒ..." என்றார். கடைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி அலறினாள். "ஐயோ, குடி முழுகிப்போச்சு! எட்டுத் தலைமுறையா சொல்லாத வார்த்தையைச் சொல்றாரே!" கனகசபைக்கு நாக்கு மடங்கிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு புழக்கடை வழியாகப் பராங்குசர் வீட்டுக்கு ஓடினார்.

பராங்குசர் யோசித்தார். "அட அசடே, லாபமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். 'இரண்டு' என்றே ஆரம்பியும்."

கனகசபை ஓடி வந்து கதவைத் திறந்தார். படியை நிரப்பினார். "இரண்டு!" என்றார், வெற்றியோடு.

உலகம்மை சட்டியை எட்டிப் பார்த்தாள். "ரெண்டுன்னீங்க. ஒண்ணுதானே விழுந்துருக்கு? இன்னொண்ணு எங்கே அண்ணாச்சி?"

"அது... வந்து..."

"சொன்ன அளவுக்குக் கீழே போட்டா கழுதை மேல ஏத்தி ஊர்வலம்னு தண்டோரா போட்டாங்களே, உங்க சிநேகிதர் பராங்குசர். நான் கேட்டது ஒரு படி. காசும் ஒரு படிக்குத்தான். நீங்க அளந்தது ரெண்டு. போடுங்க மிச்சத்தை."

வரிசையில் பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். "அக்கா, அவரை 'பத்து'ன்னு ஆரம்பிக்கச் சொல்லேன்!"

அதற்குள் எங்கிருந்தோ ஒரு கழுதை கத்தியது. தற்செயல்தான். ஆனால் கனகசபை அதற்கு மேல் நிற்கவில்லை.

நேரே சபைக்கு ஓடினார். பின்னாலேயே பராங்குசர். அதற்குப் பின்னால் சடையாண்டி, உலகம்மை, குளக்கரை வரைக்கும் இருந்த வரிசை.

"மகாராஜா! பட்டப்பகலில் கொள்ளை! இந்த விகடகவியை நாடு கடத்துங்கள்!" என்றார் பராங்குசர்.

நடந்ததைச் சடையாண்டி சொன்னார், ஓலையை நீட்டினார். ராஜா படித்தார். மீசை துடித்தது. ஆனாலும் சிரிக்கவில்லை. நீதி சொல்கிறபோது சிரிக்கக் கூடாது என்று அவருக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருந்தார்கள்.

"கனகசபை, லாபத்துக்குக் காசு வாங்குவதில்லை என்பது உம் வாக்குத்தானே?"

கனகசபை திருதிருவென்று விழித்தார். ஆம் என்றால் பருப்பு போயிற்று. இல்லை என்றால் பொய்.

"வாங்குகிறேன் மகாராஜா!" என்று காலில் விழுந்தார். "வாங்குகிறேன். நாலு படி விற்கிற பணத்துக்கு ஒரு படி விற்று, மூன்று படியை லாபம் பார்த்தேன். மழையும் பொய்க்கவில்லை, வெள்ளத்திலும் ஒரு மூட்டை நனையவில்லை. சத்தியம்!"

"மூன்று படியும் உமக்கேவா?"

கனகசபையின் கண் மட்டும் பராங்குசர் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. போதாதா?

"பிரபு" என்றார் சடையாண்டி. "இவர் பருப்பு எங்களுக்கு இனாமாக வேண்டாம். நான் போன வருஷ விலையைக் கொண்டுவந்திருக்கிறேன். இந்தப் பெண்களும் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார்கள். அந்த விலையிலேயே நியாயமான லாபம் உண்டு. அதை வாங்கிக்கொள்ளட்டும். கிடங்கும் அவரிடமே இருக்கட்டும். வாய்விட்டு 'லாபம்' என்று சொல்லி, மனசார வாங்கட்டும்."

ராஜா தீர்ப்புச் சொன்னார். அன்று முதல் பருப்பு, புளி, மிளகு எல்லாம் போன வருஷ விலை. பராங்குசருக்குப் பதவி போயிற்று. ஒரு வருஷம் அவருக்கு வேளாவேளைக்கு அரண்மனையிலேயே சாப்பாடு, குழம்பில் எண்ணிப் பதினாறு பருப்பு.

"சடையாண்டி, உனக்கு என்ன வேண்டும்?"

"மூன்று படி பருப்பு போதும் பிரபு. வீட்டில் லாபத்தோடு நின்றுபோயிருக்கிறது."

"இவ்வளவுதானா? அளந்து போடுங்கள்!"

பண்டசாலை அதிகாரி சாக்கைப் பிரித்துப் பிடிக்கச் சொல்லி அளந்தார். "லாபம்... இரண்டு... மூன்று."

"ஒன்று எங்கே?" என்றார் சடையாண்டி.

"லாபம்தான் ஒன்று."

"லாபம் லாபம்தானே? இப்போதுதான் சபையே தீர்ப்புச் சொன்னது. இரண்டு வந்தது, மூன்று வந்தது, ஒன்று வரவில்லை. அது ஒரு படி பாக்கி."

பண்டசாலை அதிகாரி இன்னொரு படி போட்டார். முதல்படி என்பதால் வாய் தானாகச் சொன்னது: "லாபம்."

"ஒன்று எங்கே?"

"லாபம்."

"ஒன்று?"

"லாபம்..." அவருக்கும் வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாள், அந்த வார்த்தையைச் சொல்ல முடியுமா? சாக்கு நிறைந்தது. இரண்டாவது சாக்கு வந்தது. ராஜாவுக்கு முதலில் மீசை குலுங்கியது, பிறகு தோள், பிறகு சிம்மாசனம்.

"நிறுத்தச் சொல்லு சடையாண்டி! போதும் என்று சொல்லு! கடையில் நாற்பது தடவை சொன்னாயே!"

"அது என்னவோ பிரபு, அந்த வார்த்தை எனக்குக் கடையில்தான் வருகிறது."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டு பருப்புச் சாக்குக்குள் விழுந்தது. கிரீடத்தைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, சாக்குகளை இரட்டை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு சடையாண்டி வீடு சேர்ந்தார். முருங்கைமரம் நின்ற இடத்திலேயே நின்றது. உலகம்மை அன்று முருங்கைக்காய் போட்டு வைத்த குழம்பில் கடுகு எத்தனை வெடித்தது என்று தெருவால் எண்ண முடியவில்லை.

ராஜாவுக்கும் அதற்குப் பிறகு குழம்பில் முகம் தெரியவே இல்லை. அதனால் கடைசிவரைக்கும் அவர் மீசையில் மூன்றே மூன்று நரைதான்.