சமதரையில் நிற்காத வண்டி

கம்பம் பள்ளத்தாக்கில், புறவழிச்சாலை ஓரத்துத் தகரக் கொட்டகையில் ஒரு குரு இருந்தாள். பெயர் அமலோற்பவம், வயது நாற்பத்துமூன்று, தொழில் டீசல் வண்டி மெக்கானிக். அவளுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் சுருளிநாதன், வயது அறுபத்தொன்று. குருவைவிடச் சீடர் மூத்தவராக இருந்ததில் ஊருக்குத்தான் சங்கடம். அவர் அவளை வாத்தியாரே என்பார், அவள் அவரை அண்ணே என்பாள், வேலை நடந்துகொண்டிருந்தது.

சுருளிநாதனிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் இருந்தது. முப்பது வருஷம் தக்காளியும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலும் கீழுமாக ஓடிய வண்டி. கதவை ஓங்கி அறைந்தால்தான் சாத்திக்கொள்ளும். அதன் எஞ்சின் சாவிக்கு அடங்காது. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாலும் அது பாட்டுக்கு ஓடும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கறுப்புக் குமிழ் உண்டு, அதை இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும்.

லோடு அடிப்பதை விட்ட மறுவாரமே அவர் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். இந்த வண்டி இன்னொரு தடவை என்னைக் கைவிடக் கூடாது, அதற்கு எதையெல்லாம் படிக்கணுமோ சொல்லிக் கொடு என்றார். அவளும் சொல்லிக் கொடுத்தாள். டீசல் ஃபில்டரின் அடியில் தங்கும் தண்ணீரை வடிக்கக் கற்றார். குழாயில் காற்று புகுந்தால் கைப்பம்பை அடித்து அடித்துக் குமிழி அடங்கும்வரை வெளியேற்றக் கற்றார். போன வருஷம், சாவியைத் திருப்பினால் எஞ்சினைக் கிளப்பிவிடுகிற செல்ப் மோட்டாரைத் தன் கையாலேயே கழற்றி, கார்பனும் புஷ்ஷும் மாற்றி, மாட்டினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மனிதர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனாலும் சமதரையில் அவர் வண்டியை நிறுத்தமாட்டார். எங்கே போனாலும் இறக்கம் தேடுவார். வண்டியின் மூக்கு கீழே பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டு டயருக்குக் கட்டை வைப்பார். கிளம்பும்போது கட்டையை எடுத்து, உருளவிட்டு, கியரில் விட்டுக் கிளப்புவார். செல்ப் பக்கமே போகமாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி ஒரு தெருவில் நடக்கும், அவர் வண்டி மூன்றாவது தெருவில் நிற்கும். மலையடிவாரத்து ஊர் என்பதால் இறக்கத்துக்குப் பஞ்சமில்லை, காலம் ஓடியது.

ஒரு நாள் காலையில் அவரே கேட்டார்.

"வாத்தியாரே, செல்ப்ப நூறு தடவை போட்டுப் பாத்துட்டேன். நூறு தடவையும் எடுத்துச்சு. ஆனா ரோட்டுக்குப் போனா மனசு நம்ப மாட்டேங்குது. இன்னும் எத்தனை தடவை போட்டா நம்பும்?"

அமலோற்பவம் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு வேளாங்கண்ணி போகணும்ணே. வியாழக்கிழமை கூட்டிட்டுப் போறீங்களா?"

கேள்வி காதில் விழவில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்தார். பிறகுதான் வேளாங்கண்ணிக்குப் போகிற வழி ஞாபகத்துக்கு வந்தது.  அந்த வழியில்தான் மேலத்திடல் இருந்தது. மேலத்திடலில்தான் அவர் தங்கை பவுனுத்தாயைக் கட்டிக் கொடுத்திருந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பவுனுத்தாயின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள், தோடும் தாய்மாமன் கொண்டுவருவதுதான். சுருளிநாதன் சீர் முழுவதையும் இதே வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில் ஒரு டீ குடிக்கச் சமதரையில் நிறுத்தினார். செல்ப் எடுக்கவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் தள்ளிப் பார்த்தார்கள், பாரத்தோடு வண்டி நகரவில்லை. ஒரு லாரி வந்து கயிறு கட்டி இழுத்துக் கிளப்புவதற்குள் மூன்று மணி நேரம் போய்விட்டது.

அவர் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. பந்தல் வாசலில் யாரோ ஒரு பங்காளி மடியில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அதன் காதில் வேறு யாருடைய தோடோ மின்னியது. நிறுத்தினால் மறுபடி எடுக்காது என்ற பயத்தில் அவர் எஞ்சினை ஓடவிட்டே உட்கார்ந்திருந்தார். பவுனுத்தாய் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. அவர் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பிவிட்டார். சீரில் ஒன்றையும் இறக்கவில்லை. வாழைத்தார்கள் வருகிற வழியிலேயே பழுத்து உதிர்ந்தன.

அன்றிலிருந்து அந்த உதடுகளுக்கு அவரே வசனம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் இப்ப வந்தே என்றிருப்பாள். ஒரு நாள் முன்னாடி வரத் தெரியாதா என்றிருப்பாள். எந்த வசனத்தைப் போட்டாலும் அது சரியாகப் பொருந்தியது, கோபம் ஆறவில்லை. மச்சினன் ஒரு தடவை வீடு தேடி வந்தார், இவர் லோடு இருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டார். யாராவது தங்கை பேச்சை எடுத்தால் போதும், கட்டையை எடுத்து வண்டியை உருட்டிவிடுவார்.

இதையெல்லாம் அவர் அமலோற்பவத்திடம் சொன்னதில்லை. ஆனால் வண்டியின் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு துணிப் பொட்டலம் இருந்தது, அதில் கடுகளவு கல் வைத்த ஒரு ஜோடிச் சின்னத் தோடு. பெட்டியின் கொக்கி உடைந்ததால் மூடியை ஒரு ஸ்க்ரூ போட்டு முடுக்கி வைத்திருந்தார். போன வருஷம் வயரிங் வேலைக்காக அவள் அந்தப் பெட்டியைக் கழற்றினாள். வேலை முடிந்ததும் பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்து, ஸ்க்ரூவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு முடுக்கினாள். அவள் பார்த்தாள் என்று அவருக்குத் தெரியும். 

வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் கிளம்பினார்கள். ஐப்பசி மாதம். மலையில் மேகம் இறங்கியிருந்தது. எஞ்சின் சூடேறிச் சத்தம் ஒரு சீருக்கு வந்ததும், ரோடே வண்டிக்கு அடியில் நகர்கிற மாதிரியும் தாங்கள் நின்ற இடத்திலேயே இருக்கிற மாதிரியும் சுருளிநாதனுக்குத் தோன்றியது. ஆண்டிப்பட்டிக் கணவாய் வந்தது, போனது. ஒரு குதிரைவீரன் சிலை வயலுக்கு நடுவில் தனியாக நின்று இவர்களையே பார்த்தது. அமலோற்பவம் அதற்குக் கையைக் காட்டினாள்.

மதுரை தாண்டியதும் ஒரு கொய்யாப்பழக் கூடையைப் பார்த்து நிறுத்தச் சொன்னாள். அவர் பிரேக்கில் கால் வைத்தார், அதற்குள் அது சமதரை என்பது தெரிந்தது. நிறுத்தியது முக்கால் மைல் தள்ளி, ஒரு ஏரிக்கரை இறக்கத்தில். அவள் முகம் சுளிக்கவில்லை. இறங்கித் திரும்பி நடந்துபோய், கொய்யா வாங்கி, கடித்துக்கொண்டே நிதானமாக வந்து சேர்ந்தாள். டீக்கும் அப்படியே ஆயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்கும் அப்படியே ஆயிற்று. மூன்றாவது தடவை அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"உங்கள இப்படி நடக்க விடுறேனே, வாத்தியாரே."

"நான் கொய்யா இருக்கிற எடத்துக்குத்தான போனேன், எனக்கென்ன?" என்றாள்.

அவர் கட்டையை எடுத்து வண்டியை உருட்டிவிட்டார். ஆனால் அந்த வார்த்தை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. இந்த ஒன்பது வருஷத்தில் தான் நின்ற இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எல்லாம் இறக்கங்கள். எதற்குப் பக்கத்திலும் அவருக்கு வேண்டியது எதுவும் இல்லை.

தஞ்சாவூருக்குக் கிழக்கே மலை என்ற நினைப்பே தரையை விட்டுப் போய்விடுகிறது. இரண்டு பக்கமும் நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல்கள். மேலே இருந்த மேகம் அத்தனையும் கீழேயும் இருந்தது. வண்டி இரண்டு வானத்துக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தது. கொக்கு ஒன்று கீழ் வானத்தில் காலூன்றி நின்றது. எஞ்சின் சத்தம் தூரத்தில் வேறு யாருடைய வண்டியிலிருந்தோ வருகிற மாதிரி கேட்டது. இப்படியே போய்க் கடலுக்குள் இறங்கிவிட்டால்கூட நனையாது என்று சுருளிநாதனுக்குத் தோன்றியது. சீட்டில் சாய்ந்திருந்த அமலோற்பவம் தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று தெரியவில்லை.

அந்தச் சீமையில் இறக்கம் என்று ஒன்று உண்டென்றால் அது பாலத்து இறக்கம்தான். மேலத்திடலுக்கு இரண்டு ஃபர்லாங் முன்னால் ஆற்றுப் பாலம் ஒன்று வரும். அதன் இறக்கத்தில் அவர் வண்டியை நிறுத்தி, குமிழை இழுத்து, கட்டை வைத்தார். இந்த ஒன்பது வருஷத்தில் கடல் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஆறு தடவை வந்து இதே இடத்தில் நின்றிருக்கிறார். ஒரு பீடி நேரம் நிற்பார். அதற்குள் கண்ணீர் வந்துவிடும். வண்டியை உருட்டிவிட்டு, ஊருக்குள் திரும்பாமல் நேராகப் போய்விடுவார்.

"அந்த ஓட்டு வீடுதான் என் தங்கச்சி வீடு" என்றார்.

அமலோற்பவம் எட்டிப் பார்த்தாள்.

"இங்கருந்து என்ன தெரியுது?"

"கொடியில துணி காயிறது தெரியுது."

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல."

அவள் கட்டையை எடுத்து வண்டியில் போட்டாள். கொஞ்சம் நான் ஓட்டுறேன், தள்ளி உட்காருங்க என்றாள். குரு சொன்னால் தள்ளித்தானே உட்கார வேண்டும். வண்டி உருண்டு, கிளம்பி, பாலத்தை விட்டு இறங்கி, நேராகப் போக வேண்டிய இடத்தில் திரும்பி ஊருக்குள் போனது. ஓட்டு வீட்டு வாசலில், தட்டுப்போல் சமமாக இருந்த தரையில், நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் குமிழைத் தொடவில்லை. இறங்கிக்கொண்டு, நீங்க இங்கிட்டு வாங்க என்று டிரைவர் சீட்டைக் காட்டினாள். அவர் நகர்ந்து வந்து ஸ்டியரிங்கைப் பிடித்ததும், கால் தானாகவே கிளட்ச்சை மிதித்தது, கை தானாகவே ரிவர்ஸ் கியரைத் தேடியது. அமலோற்பவம் பின்னால் போய்க் கட்டையை எடுத்தாள். டயருக்கு வைக்கவில்லை. வேலியோரத்தில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

சத்தம் கேட்டு முதலில் ஒரு பெண் வந்தது. பன்னிரண்டு வயதிருக்கும், பள்ளிக்கூடத்துப் பாவாடை சட்டை, முன்னால் எடுத்துப் போட்ட ஒற்றைச் சடை. அதற்குப் பின்னால் ஈரக்கையோடு பவுனுத்தாய் வந்தாள். வண்டியைப் பார்த்தாள். ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

அதே ஜன்னல், அதே கை. உதடு அசைந்தது. எஞ்சின் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

 இந்தத் தடவை வசனம் எதுவும் சுருளிநாதனுக்கு வரவில்லை. வண்டிக்குள்ளிருந்தே குருவைப் பார்த்துக் கத்தினார்.

"வாத்தியாரே, நிப்பாட்டினா மறுபடி எடுக்கலேன்னா?"

அமலோற்பவம் குரலை உயர்த்தவில்லை. அந்த இரைச்சலில் அது அவருக்குக் கேட்டிருக்க நியாயமில்லை. இருந்தும் கேட்டது.

"எடுக்கலேன்னா இங்கன இருப்பீங்க."

அவர் குமிழை இழுத்துப் பிடித்தார். வண்டி ஒரு தடவை உடம்பை உதறிக்கொண்டு நின்றது. வயலில் தவளைகள் கத்தியது கேட்டது. வீட்டுக்குள் ஏதோ கொதிப்பது கேட்டது. பிறகு பவுனுத்தாயின் குரல் கேட்டது.

"அன்னைக்கும் இதத்தாண்ணே சொன்னேன். நல்ல நேரம் போகுதுன்னு ஒரு காதத்தான் குத்த விட்டேன். இன்னொரு காது உன் மடியிலதான்னு சொல்லிட்டேன். இன்னும் அப்படியேதான் இருக்கு."

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் வெட்கத்தோடு சடையைப் பின்னால் தள்ளியது. இடது காதில் தோடு இருந்தது. வலது காது, பிறந்தபோது இருந்த மாதிரியே, மூளியாக இருந்தது.

சுருளிநாதன் டேஷ்போர்டுப் பெட்டிப் பக்கம் திரும்பினார். மூடியின் ஸ்க்ரூவை நகத்தால் திருகினார், விரலால் திருகினார். எப்போதும் போல ஸ்க்ரூடிரைவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுத்து வைத்தார், அவசரத்தில் அது ஸ்க்ரூவின் தலையில் உட்காராமல் நழுவி நழுவிப் போனது.

வேலியோரத்திலிருந்து அமலோற்பவம் சொன்னாள்.

"மெதுவாக் கழட்டுங்கண்ணே. அதான் வண்டி நின்னுருச்சுல்ல."